சுருள் அவிழ்ந்த வரலாறு

அட்லாண்டிக் தந்தி வடத்தைப் பற்றி எழுதுவோர் புயலையும் மின்சாரத்தையும் விரித்துரைப்பர். கப்பலுக்குள் சுருள் அவிழ்ந்த விதமே நமக்கு அக்கதையின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது.

வடத்தைத் தொட்டியில் வட்டமாக அடுக்குகையில் சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறும். மேலே இழுக்கையில் அது கழியும். கழியுமுன் தளர்ந்த சுற்று நடுவெளிக்குள் சரிந்தால் கண்ணியாகிவிடும். இழுவையில் கண்ணி இறுகினால் உள்ளிருக்கும் செம்புக்கும் காப்புறைக்கும் கேடு. கேட்ஸ்ஹெட்டில் கம்பிக்கயிறு செய்த ஆர்.எஸ். நியூவல் 1855-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சுருளின் நடுவே ஒரு கூம்பு, மேலே வளையங்கள்; அவ்வளவுதான்! கூம்பு வெற்றிடத்தை அடைத்தது. வளையங்கள் துள்ளும் சுற்றை அடக்கின. இந்த எளிய பொருளுக்காக அவர் நீதிமன்றப் படியும் ஏறினார்.

ஆயினும் இடர் முற்றிலும் ஒழியவில்லை. 1866 ஜூலை 18, நள்ளிரவு கடந்த நேரம். 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலின் பின்தொட்டியிலிருந்து ஓடிக்கொண்டிருந்த வடம் கீழ்ச்சுற்றுகளையும் பற்றி இழுத்துப் பெருஞ்சிக்கலாயிற்று. மழையும் காற்றும் வேறு. கப்பலை நிறுத்தினர். தலைமைப் பொறியாளர் சாமுவேல் கானிங்கின் ஆட்கள் வடத்தை வெட்டவில்லை. ஒவ்வொரு கண்ணியாகத் தேடிப்பிடித்து அவிழ்த்தனர். வடத்துக்குச் சேதமில்லை. ஜூலை 27-இல் அதே வடம் நியூஃபவுண்ட்லாந்தில் கரையேறியது.