ஸ்பெயினில் வீடும் குடியிருக்கும் உரிமையும்

ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கும் அயல்நாட்டவர்க்குக் குடியிருப்பு உரிமை அளிக்கும் சட்டத்தை ஸ்பெயின் 2013-இல் இயற்றியது. 2025 ஏப்ரலில் அவ்வழியை அடைத்தது. அதே மண்ணில், தலைமுறை தலைமுறையாக வீடும் தோட்டமும் வைத்திருந்த முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட வரலாற்றை நாம் மறத்தலாகாது. 1491-இல் கையெழுத்தான கிரனாடா உடன்படிக்கை அவர்தம் மார்க்கத்துக்கும் சொத்துக்கும் பாதுகாப்பு அளித்தது. பத்தாண்டுக்குள் அவ்வாக்கு முறிந்தது. 1502-இல், மதம் மாறுக, இல்லையேல் வெளியேறுக என்று காஸ்டைலில் ஆணை பிறந்தது. மதம் மாறி மொரிஸ்கோக்கள் எனப்பட்டோரும் தப்பவில்லை. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். விட்டுச்சென்ற நிலங்கள் பிறர் கைக்குப் போயின. 2015-இல் யூத வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் செய்த அந்நாடு, மொரிஸ்கோ வழித்தோன்றல்களை அதில் சேர்க்கவில்லை. அயல்நாட்டில் சொத்து வாங்க எண்ணும் நாம், பத்திரத்தோடு அந்நாடு வாக்கைக் காக்கும் இயல்பையும் ஆராய்வோமாக.