வீட்டுக்கு வந்த தட்டாக்கம்

வீட்டு அலமாரியில் திருமணப் படத்தட்டு ஏதேனும் இருந்தால் அதை எடுத்து டி.வி.டி. பிளேயரில் இட்டுப் பாருங்கள். முதலில் மணமக்களின் படம் தோன்றும். அதன் கீழே ‘முகூர்த்தம்’, ‘வரவேற்பு’ என்று பொத்தான்கள் இருக்கும். ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்தினால் வேண்டிய பகுதிக்குத் தாவலாம். படம் பிடிப்பது ஒரு வேலை. பிடித்த படத்தை இவ்வாறு பகுதிகளாக்கி, பொத்தான்கள் அமைத்து, எந்தப் பிளேயரும் புரிந்துகொள்ளும் வடிவில் தட்டில் பதிப்பது வேறொரு வேலை. ஸ்டூடியோக்காரர்கள் இதனை ‘ஆத்தரிங்’ என்பார்கள். நாம் தட்டாக்கம் என்று சொல்லலாம்.

முதல் டி.வி.டி. பிளேயர்கள் ஜப்பானில் 1996 நவம்பரில் விற்பனைக்கு வந்தன. தட்டாக்கம் அப்போது பெரிய நிறுவனங்களுக்கே உரியதாக இருந்தது. தட்டின் இலக்கணத்தைக் கூறும் நூலை விலை கொடுத்து வாங்க வேண்டும். அதிலுள்ளதை வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தமும் எழுதித் தர வேண்டும். தொழில்முறைத் தட்டாக்கத்தில் பெயர்பெற்ற மென்பொருள் ‘சினாரிஸ்ட்’ ஆகும். அதனை வெளியிட்டது டைக்கின். ஆம், குளிர்சாதனக் கருவிகள் செய்யும் அதே டைக்கின்தான்! 1997இல் பயோனியர் நிறுவனம் வெளியிட்ட பதிவுக் கருவியின் விலை ஏறத்தாழ 17,000 டாலர். அதில் பதிக்கும் தட்டு 3.95 ஜிகாபைட் மட்டுமே கொண்டது.

கருவியின் விலை மட்டும் தடையாக இருக்கவில்லை. டி.வி.டி. பிளேயருக்குள் சிறு கணிப்பொறி ஒன்று ஒளிந்திருக்கிறது எனலாம். தட்டு ஆணையிடும், பிளேயர் கீழ்ப்படியும். ஒவ்வோர் ஆணையும் 8 பைட் நீளமுடையது. தட்டைச் செய்பவர் தம் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள 16 நினைவறைகளே உண்டு. பொத்தான் ஒளிர்வது போலத் தோன்றுகிறதே, அது படத்தின் மேல் போர்த்தப்படும் மெல்லிய மேற்படம். அதில் ஒரே நேரத்தில் நான்கு நிறங்களுக்கு மேல் இயலாது. எனவே நாம் திரையில் வரையும் மெனுவை இந்தக் குறுகிய இலக்கணத்துக்குள் மொழிபெயர்ப்பதே தட்டாக்க மென்பொருளின் தலையாய பணி.

திருப்பம் 2001 ஜனவரியில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ‘அஸ்தார்த்’ என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் தட்டாக்கப் பிரிவை ஆப்பிள் வாங்கியிருந்தது. இப்போது ‘ஐடிவிடி’ என்னும் எளிய மென்பொருளை, டி.வி.டி. எழுதும் கருவி பொருத்திய கணிப்பொறியுடன் இலவசமாகவே தந்தது. கணிப்பொறியின் விலை 3,499 டாலர். வெற்றுத் தட்டு ஒன்று சுமார் 10 டாலர். நம் வீடுகளுக்கு அது எட்டாத விலைதான். ஆயினும் அடுத்த சில ஆண்டுகளில் டி.வி.டி. ரைட்டர்களின் விலை மளமளவென்று சரிந்தது. சோனிக் ‘மை டி.வி.டி.’, யூலீட் ‘மூவி ஃபாக்டரி’ போன்ற மென்பொருள்கள் சாதாரணக் கணிப்பொறிகளுக்கும் வந்து சேர்ந்தன.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? மெனுவுக்கான பூ அலங்காரங்களைப் பார்த்தே பலர் தேர்ந்தெடுத்தனர். உண்மையில் பார்க்க வேண்டியது ஒரு கணக்கு.

தட்டின் கொள்ளளவு 470 கோடி பைட். அதாவது 3,760 கோடி பிட். இரண்டு மணி நேரப் படத்தை, அதாவது 7,200 விநாடிகளை, இதற்குள் அடக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள்: விநாடிக்கு ஏறத்தாழ 52 லட்சம் பிட் கிடைக்கும். ஒலியைச் சுருக்காமல் வைத்தால் 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரண்டு தடங்கள் என்று அதற்கே 15 லட்சத்துக்கு மேல் போய்விடும். படத்துக்கு மிஞ்சுவது 37 லட்சமே. டால்பி முறையில் ஒலியைச் சுருக்கினால் 2 லட்சத்தில் முடிந்துவிடும். டால்பிக்கு உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்ததால் மலிவான மென்பொருள்கள் சிலவற்றில் அவ்வசதி இல்லை. ஆடும் கூட்டத்தின் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தால் காமிராக்காரரைக் குறை சொல்லிவிடுகிறோம். குற்றம் ஒலித்தடத்தினுடையதாகவும் இருக்கலாம்!

இதற்கிடையில், மூடிவைத்த இலக்கணத்தை ஆர்வலர்கள் தாமாகவே தட்டுகளை ஆராய்ந்து கண்டறிந்தனர். ‘டிவிடி ஆத்தர்’ என்னும் இலவச மென்பொருள் அவ்வழியில் பிறந்தது. அதில் படம் வரையும் வசதி இல்லை. எந்தப் பொத்தான் எங்கே செல்ல வேண்டும் என்பதை எழுத்தாலேயே எழுதித் தர வேண்டும். அதன்மேல் எளிய முகப்பைப் பொருத்தியதே ‘டிவிடி ஸ்டைலர்’. என் கணிப்பில் இக்கதையின் மிகச் சுவையான பகுதி இதுவே.

பிறகு எல்லாம் வேகமாக முடிந்தது. 2011 முதல் புதிய ஆப்பிள் கணிப்பொறிகளுடன் ஐடிவிடி வரவில்லை. அடோபியின் ‘என்கோர்’ 2012 பதிப்போடு நின்றது. விண்டோஸ் விஸ்டாவில் வந்த டி.வி.டி. மேக்கர் விண்டோஸ் 8இல் இல்லை.

என் அக்காவின் திருமணம் 2006இல் நடந்தது. படத்தட்டோடு தட்டாக்கத்தின் திட்டக் கோப்பையும் ஸ்டூடியோக்காரரிடம் வாங்கி வைத்திருந்தோம். அண்மையில் திறக்க முயன்றபோது அக்கோப்பைப் படிக்க எந்த மென்பொருளும் கிடைக்கவில்லை. தட்டு மட்டும் பேசியது. அதில் படம், ஒரு ஜிகாபைட்டுக்கு மிகாத ஐந்து கோப்புகளாக, பொது இலக்கணப்படியே இருந்தது. நான்கு கோப்புகள் முழுமையாக நகலாயின. டி.வி.டி.யில் பதிவு உள்விளிம்பில் தொடங்கி வெளிநோக்கிச் செல்லும். கைபடுவது வெளிவிளிம்பில். ஐந்தாவது கோப்பின் கடைசிப் பகுதியை எந்த ரைட்டராலும் படிக்க இயலவில்லை. முகூர்த்தம் பிழைத்தது, வரவேற்பில் தாத்தா மேடையேறி வாழ்த்திய காட்சி போயிற்று.