கிட் மென்பொருளின் தொலைக் களஞ்சிய உதவி நிரல்கள்: ஒரு வரலாறு

தொலைக் களஞ்சிய உதவி நிரல் என்பது, நமது கணினியில் உள்ள பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளையும் வேறோர் இடத்தில் உள்ள களஞ்சியத்தையும் இணைக்கும் சிறு நிரலாகும். கிட் என்னும் மென்பொருள் 2009ஆம் ஆண்டு முதல் இத்தகைய நிரல்களைக் கொண்டுள்ளது. எதிர்முனையில் இருப்பது கிட் அல்லாத வேறு மென்பொருளின் களஞ்சியமாக இருந்தாலும் அதனோடு பேச இவை உதவுகின்றன. கோப்புகளை எடுத்து வருவது இவற்றின் வேலையில் எளிய பகுதி. அவற்றை யார், எப்போது, எதற்காகத் திருத்தினார் என்ற வரலாற்றைச் சேதமில்லாமல் கொண்டுவருவதுதான் கடினமான பகுதி.

ஆசிரியர் பணியில் இருந்தவர்களுக்கு இதைப் பணிப்பதிவேட்டைச் சொல்லி விளக்கிவிடலாம். மாறுதலில் ஒருவர் வேறு பள்ளிக்குப் போனால், அவருக்குப் பின்னால் பணிப்பதிவேடும் வந்து சேரவேண்டும். சேர்ந்த நாள், ஊதிய உயர்வு, விடுப்புக் கணக்கு எல்லாம் அதில்தான் உள்ளன. எனது பதிவேட்டில் ஒரு மாறுதலின்போது ஈட்டிய விடுப்புக் கணக்கு எழுதப்படாமல் விடுபட்டுவிட்டது. ஓய்வூதியக் கருத்துரு அனுப்பும் வேளையில்தான் அது தெரிய வந்தது. வேலை செய்திருந்தேன், காட்டுவதற்குச் சான்று இல்லை. ஒரு மென்பொருள் ஒரு களஞ்சியத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது அதில் உழைத்தவர்களுக்கும் இதே நிலை வரலாம்.

பின்னணி

நிரல்களின் திருத்தங்களைப் பதிந்து வைக்கும் முதல் கருவியான எஸ்சிசிஎஸ், 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவரால் உருவாக்கப்பட்டது. 1982இல் வால்டர் டிச்சியின் ஆர்சிஎஸ், 1986இல் டிக் குரூன் தொடங்கிய சிவிஎஸ், 2004இல் முதல் நிலைப்பதிப்பு கண்ட சப்வெர்ஷன் என்று இந்த வரிசை நீள்கிறது. சிவிஎஸ், சப்வெர்ஷன் இரண்டிலும் வரலாறு முழுவதும் ஒரே வழங்கியில் இருக்கும். பயனரிடம் இருப்பது நடப்புப் பிரதி மட்டுமே.

2005 ஏப்ரலில் இந்நிலை மாறியது. லினக்சு கருவின் உருவாக்கத்துக்குப் பயன்பட்டுவந்த பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டதால், லினசு டோர்வால்ட்சு கிட் மென்பொருளை எழுதினார். அதே மாதத்தில் மேட் மேக்கல் மெர்க்குரியலைத் தொடங்கினார். இவ்விரண்டிலும் ஒவ்வொரு பயனரிடமும் முழு வரலாறும் இருக்கும். ஆனால் உலகின் பெரும்பாலான நிரல்கள் அன்று சிவிஎஸ், சப்வெர்ஷன் களஞ்சியங்களிலேயே இருந்தன.

தொடக்ககாலப் பாலங்கள்

2006இல் எரிக் வோங் பெர்ல் மொழியில் எழுதிய கிட்-எஸ்விஎன் இன்றுவரை புழக்கத்தில் உள்ளது. சப்வெர்ஷன் தன் திருத்தங்களுக்கு 1, 2, 3 என வரிசையெண் இடுகிறது. கிட் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட நீண்ட குறியெண்ணை இடுகிறது. இரண்டும் பின்னர் பொருந்த வேண்டும் என்பதால், கிட்-எஸ்விஎன் ஒவ்வொரு திருத்தக் குறிப்பின் அடியிலும் பழைய வரிசையெண்ணை ஒரு வரியாகச் சேர்த்துவிடுகிறது.

பெயர்தான் பெரிய சிக்கல். சப்வெர்ஷன் களஞ்சியத்தில் திருத்தியவரின் பயனர்பெயர் மட்டும் இருக்கும். 'செந்தில்' என்றிருந்தால் எந்தச் செந்தில் என்று தெரியாது. கிட் மென்பொருளோ முழுப்பெயரும் மின்னஞ்சலும் கேட்கும். ஆகவே மாற்றம் செய்பவர், ஒவ்வொரு பயனர்பெயருக்கும் நேராக முழுப்பெயரை எழுதிய பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டாலும் கருவி நிற்காது. பயனர்பெயரோடு களஞ்சியத்தின் அடையாள எண்ணை ஒட்டி ஒரு பொய் மின்னஞ்சலை உண்டாக்கிக்கொள்ளும். பின்னால் திருத்தலாம் என்று விட்டுவைக்கவும் முடியாது. பெயரை மாற்றினால் அத்திருத்தத்தின் குறியெண் மாறும். அதைத் தொடர்ந்து வரும் எல்லாக் குறியெண்களும் மாறும். இந்தப் பட்டியலைச் சோம்பலால் தவிர்த்தவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

இதற்கிடையே, மொசில்லாவின் மிகப் பெரிய சிவிஎஸ் களஞ்சியத்தைக் கிட்டுக்கு மாற்றும் 2006ஆம் ஆண்டு முயற்சியிலிருந்து, சான் பியர்சு எழுதிய விரைவு இறக்குமதி நிரல் பிறந்தது. 2007இல் வெளியான கிட் 1.5.0இல் அது இடம்பெற்றது. எந்தக் களஞ்சியத்தின் வரலாற்றையும் ஓர் எளிய உரை வடிவில் எழுதிக் கொடுத்தால் போதும், அது கிட் களஞ்சியமாக மாற்றிவிடும். பிற்கால உதவி நிரல்கள் பலவும் இதன் மீது கட்டப்பட்டவையே.

2009: உதவி நிரல் என்னும் முறை

வலை நெறிமுறை வழியே களஞ்சியத்தை அணுகக் கிட் மென்பொருளுக்கு லிப்கர்ல் என்ற நிரலகம் தேவைப்பட்டது. அதை மைய நிரலோடு பிணைக்காமல் தனி நிரலாகப் பிரிக்கும் வேலையை 2009இல் டேனியல் பார்க்லோ செய்தார். பிரித்த வழி பொதுவானதாக அமைந்ததால், அதே கதவின் வழியே பிறரும் தத்தம் உதவி நிரல்களை நுழைக்க முடிந்தது.

செயல்முறை இதுதான். களஞ்சிய முகவரியின் முன்னால் உதவி நிரலின் பெயரையும் இரண்டு முக்காற்புள்ளிகளையும் இட்டால், கிட் அந்தப் பெயருள்ள நிரலைத் தேடி இயக்கும். 'உன்னால் என்னென்ன முடியும்?' என்று முதலில் கேட்கும். எடுத்து வருதல், அனுப்புதல், இறக்குமதி, ஏற்றுமதி ஆகியவற்றுள் தனக்குத் தெரிந்தவற்றை நிரல் ஒவ்வொரு வரியாகச் சொல்லும். பிறகு எதிர்முனையில் உள்ள கிளைகளின் பட்டியல் கேட்கப்படும். அதன்பின் வேலை தொடங்கும். உரையாடல் முழுவதும் வெறும் உரை வரிகளே. இதனால் உதவி நிரலை எந்த நிரல்மொழியிலும் எழுதலாம்.

2011இல் பிரான்சின் கிரெனோபிள் நகர மாணவர்கள் மீடியாவிக்கிக்கான உதவி நிரலை எழுதினர். விக்கிப்பீடியா போன்ற தளத்தின் பக்கத்தை அதன் திருத்த வரலாற்றோடு இறக்கிக்கொள்ள அது உதவும். இறக்கும்போது ஒவ்வொரு திருத்தமும் அதைச் செய்த பயனரின் பெயரிலேயே வரும். திருப்பி அனுப்பும்போதோ, யார் எழுதியிருந்தாலும் அனுப்பியவரின் கணக்கிலேயே அது பதிவாகும். பெயர்கள் ஒரு திசையில் மட்டுமே பயணம் செய்கின்றன. மெர்க்குரியல், பசார் ஆகியவற்றுக்கான உதவி நிரல்களைப் பெலிப்பே கான்டிரெராசு எழுதினார்.

தமிழாக்கக் கோப்புகள்

வேளச்சேரியில் குடியிருப்பவனுக்கு ஐஐடியின் வேளச்சேரி வாயில் பழகிய இடம். 1998இல் தொடங்கிய சென்னை லினக்சு பயனர் குழுவின் மாதக் கூட்டங்கள் பல ஆண்டுகள் அந்த வளாகத்தில்தான் நடந்தன. கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கிய தன்னார்வலர்களுக்கு இக்கட்டுரையின் பொருள் நேரடியாகத் தொடர்புடையது.

கேடீஇ மேசைச்சூழலின் களஞ்சியம் 2005இல் சிவிஎஸ்ஸிலிருந்து சப்வெர்ஷனுக்கு மாறியது. பின்னர் நிரல்கள் கிட்டுக்குச் சென்றன. மொழிபெயர்ப்புகள் சப்வெர்ஷனிலேயே தங்கின. கிட் பழகிய மொழிபெயர்ப்பாளர் தமிழ்க் கோப்பைத் தொட வேண்டுமானால் கிட்-எஸ்விஎன் போன்ற பாலம் வேண்டும். அக்கோப்புகளின் தலைப்பில் 'கடைசி மொழிபெயர்ப்பாளர்' என்ற ஓர் இடமே உண்டு. முன்னவர்கள் பெயர் மேலே குறிப்பு வரிகளில் இருக்கலாம். ஆனால் எந்தச் சொல்லை யார் தேர்ந்தார் என்பது களஞ்சிய வரலாற்றில் மட்டுமே இருக்கும். பயர்பாக்சின் தமிழ்க் கோப்புகள் மெர்க்குரியல் களஞ்சியத்தில் இருந்தன. மொசில்லா தன் முதன்மை நிரலைக் கிட்டுக்கு மாற்றிய 2025 வரை, அங்கே கிட் விரும்பிகள் பலர் மைக் ஓமே எழுதிய கிட்-சினபார் என்னும் உதவி நிரலைக் கொண்டே வேலை செய்தனர்.

சப்வெர்ஷன் உதவி நிரலும் ஓர் இந்திய மாணவரும்

கிட்-எஸ்விஎன் தனிக் கருவி. புதிய முறையில் அமைந்த உதவி நிரல் சப்வெர்ஷனுக்கு இல்லை. 2010ஆம் ஆண்டு கூகுள் கோடைக்காலத் திட்டத்தில் இதை எடுத்துக்கொண்டவர் ராம்குமார் ராமச்சந்திரா என்ற இந்திய மாணவர். டேவிட் பார், ஜொனாதன் நீடர் ஆகியோரும் உடன் உழைத்தனர். சப்வெர்ஷனோடு வந்த கருவியைக் கொண்டு களஞ்சியத்தின் முழு வரலாற்றையும் அப்போது வழங்கியில் இருந்துகொண்டுதான் ஒரே கோப்பாக எடுக்க முடியும். தொலைவிலிருந்து எடுக்கச் சப்வெர்ஷனிலேயே நேரடிக் கருவி இல்லை. எனவே ராம்குமார் எஸ்விஎன்ஆர்டம்ப் என்ற கருவியை எழுதினார். அதன் வெளியீட்டை விரைவு இறக்குமதிக்கு ஏற்ற வடிவில் மாற்றும் பகுதியில் பெரும்பங்கு டேவிட் பாருடையது.

கருவி இருவேறு வழிகளில் சென்றது. எஸ்விஎன்ஆர்டம்பைச் சப்வெர்ஷன் குழுவே ஏற்றுக்கொண்டு 2011இல் வெளியான 1.7 பதிப்பில் சேர்த்தது. கிட் பக்கம் 2011, 2012ஆம் ஆண்டுகளிலும் வேறு மாணவர்கள் தொடர்ந்து முயன்றனர். ஆயினும் உதவி நிரல் சோதனை நிலையைத் தாண்டவில்லை. பயனர்கள் பழைய கிட்-எஸ்விஎன்னையே வைத்துக்கொண்டனர். நீண்டகாலம் எவரும் தொடாத அந்தப் பகுதி 2020இல் கிட் 2.29 பதிப்பில் நீக்கப்பட்டது. நீக்கிய திருத்தத்துக்கு முந்தைய பதிப்பை எடுத்துப் பார்த்தால், அவ்வரிகள் எழுதியவர்களின் பெயரோடும் 2010ஆம் ஆண்டுத் தேதிகளோடும் இன்றும் கிடைக்கின்றன.