தமிழ்நாட்டுப் பொதுக் காப்பீடு: மின்பதிவும் நாட்பட்ட நோயும்

ஆலைத் தொழிலாளருக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்த ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பு, மாதச் சம்பளமே காணாத விழுப்புரம் மாவட்டத்து முகையூர் வட்டாரத்தின் நெல், கரும்பு, மணிலா வயல்களில் உழைப்போரை எட்டவில்லை. அத்தகைய ஏழைக் குடும்பங்களுக்கு, ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்டிருப்பின், உயர் சிகிச்சைக்கு நான்காண்டுகளில் 1 லட்சம் ரூபாய் வரை அளிக்கும் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையில் தொடங்கிற்று. ஜெயலலிதா அரசு 2012 ஜனவரி 11 முதல், யுனைடெட் இந்தியா நிறுவனத்தின் பொறுப்பில், அத்தொகையைப் பிரதி வருஷமும் தருமாறு திட்டத்தைப் புதிதாக அமைத்தது. 2018-இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து காப்புத்தொகை 5 லட்சமாயிற்று. 2022-இல் வருமான வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்ந்தது.

இத்திட்டத்தின் உயிர்நாடி கணினியே. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளி சேர்ந்ததும், அட்டை எண்ணும் ஸ்கேன் படமும் பரிசோதனை முடிவுகளும் இணைய வழியே காப்பீட்டு மருத்துவர் பார்வைக்குச் சென்று, முன் அனுமதி வந்து, சிகிச்சை முடிந்தபின் தொகை மருத்துவமனைக்கே சேர்வதால், நோயாளியின் குடும்பம் நகையை அடகு வைக்கும் நிர்ப்பந்தம் நீங்குகிறது.

ஆயினும் மருத்துவமனைக் கட்டிலருகே மட்டும் பயன்படும் அட்டை, வலியின்றி வளரும் சர்க்கரையையும் ரத்தக்கொதிப்பையும் தடுக்காது. அவற்றைக் கவனியாது விட்டதன் பலனாகச் சிறுநீரகம் பழுதுற்றவர், வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்ளும் செலவைக் காப்பீடு ஏற்கிறது. ஆனால் அவர் இழந்த கூலியையும் தேகபலத்தையும் அதனால் மீட்டுத்தர இயலாது. இக்குறை நீக்கும் முயற்சி, உலக வங்கி உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007-இல் விருதுநகர் மாவட்டத்தில் ரத்தக்கொதிப்புச் சோதனையாக அரும்பி, 2012-இல் மாநிலமெங்கும் விரியலாயிற்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஸ்டாலின் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதனை வீட்டு வாசலுக்கே கொணர்ந்தது. நூறு நாள் வேலைக்குப் புறப்படுமுன் திண்ணையில் அமரும் மூதாட்டியின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்து, விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை அளந்து, கைபேசிச் செயலியில் பதிந்து, மாத்திரையும் கொடுத்துச் செல்லும் பெண் தன்னார்வலரின் பணி, எவ்வுயர் அறுவைக்கும் குறைந்ததன்று. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

வாசலில் எழுதிய கணக்கும் மருத்துவமனையில் எழுதிய கணக்கும் ஒருவர் பெயரில் ஒன்றாய்த் திரண்டால்தான் மருத்துவர் நோயின் பூர்வ சரித்திரத்தை அறிவார். 2021 செப்டம்பரில் ஒன்றிய அரசு நாடெங்கும் அறிமுகப்படுத்திய 14 இலக்கச் சுகாதார எண் அதற்கு வழிவகுக்கிறது. காப்பீட்டு அட்டை இன்னும் பெறாத குடும்பத்தார், கிராம நிர்வாக அலுவலர் வழியே வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடன் ஆட்சியர் அலுவலக மையத்தில் உடல்நலத்தோடு இருக்கும்போதே பதிந்துகொள்ளுதல் உத்தமம்.