கோஷா ஆஸ்பத்திரியும் நான்கு மாணவிகளும்

சேப்பாக்கம் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை என் வயதுக்காரர்கள் இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறோம். அதைத் தொடங்கியவர் மேரி ஷார்லீப், சென்னையில் வக்கீலாக இருந்த ஒருவரின் மனைவி.

அந்நாளில் கோஷாப் பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்டமாட்டார்கள். பிரசவம் சிக்கலானாலும் வீட்டோடு சரி. இதைப் பார்த்துத் தாமே வைத்தியம் படிக்க முடிவு செய்தார் மேரி. சர்ஜன் ஜெனரல் பால்ஃபர் ஆதரவு தர, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. எடின்பரோ பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவைச் சாத்தியிருந்த நேரம் அது! 1878-இல் தேறி, லண்டனில் மேற்படிப்பு முடித்து, 1883-இல் திரும்பி, 1885-இல் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். அதற்கு முதலில் வைத்தது விக்டோரியா ராணியின் பெயர்.

கூடப் படித்த மூவர் மிட்செல், வொயிட், பீல். பாஸ் புத்தகத்துக்கே முழுப் பெயர் கேட்போம் நாங்கள். இவர்களுக்கோ பெரும்பாலும் குடும்பப் பெயரோடு முடித்துவிடுகிறார்கள்.

இவர்கள் தேறிய 1878-இல் அதே கல்லூரியில் சேர்ந்தவர் கிருபாபாய். உடல்நலக் குறைவால் ஓராண்டில் படிப்பை விட்டார். பிறகு ஆங்கிலத்தில் 'சகுணா', 'கமலா' என்று இரண்டு நாவல்கள் எழுதி, 1894-இல் 32 வயதில் காலமானார்.