வட ஆற்காட்டுக் கிராணியும் வேலூர்க் குடல் ஆய்வும்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் கிராமங்களில் 1960 முதல் 1962 வரை, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நிற்காத வயிற்றுப்போக்கு ஒன்று கொள்ளைநோயாகப் பரவியது. மருத்துவ நூல்கள் அதை வெப்பமண்டல ஸ்ப்ரூ என்கின்றன. சித்த, ஆயுர்வேத வழக்கில் இத்தகைய நோய் கிராணி. அதை ஆராயப் புறப்பட்ட வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மருத்துவர்கள், செரிமான நோய்களைக் கண்டறிவதிலும் குணப்படுத்துவதிலும் அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு உலகமே பயன்படுத்திய அறிவைச் சேர்த்தார்கள். நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று நீளும் தோல் தொழில் வட்டாரம் முழுவதும் அன்று அந்த ஒரே மாவட்டத்துக்குள் இருந்தது. நாட்றம்பள்ளி 2019-இல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் முற்றிய வயிற்று நோய் என்றால் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் கிழக்கே வேலூருக்குப் போவது இந்தப் பக்கத்து மக்களின் வழக்கம்.

முன்வரலாறு

நோய் பழையது. மேற்கிந்தியத் தீவான பார்படோஸில் வில்லியம் ஹில்லரி 1759-இல் அதை விவரித்தார். சீனத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன் 1880-இல் ஸ்ப்ரூ என்ற பெயரை ஆங்கில மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். நாக்கு புண்ணாகும், மலம் வெளுத்து நுரைத்துக் கொழுப்போடு போகும், உடல் இளைக்கும், இரத்தம் குன்றும். குடியேறிய ஐரோப்பியர்களுக்கு வரும் நோய் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் போரிட்ட படையினரிடமும், இந்தியாவில் சிறைவைக்கப்பட்டிருந்த இத்தாலியப் போர்க்கைதிகளிடமும் கண்ட நோயைப் பற்றி விரிவான குறிப்புகள் உள்ளன. இந்த மண்ணின் மக்களும் அதே நோயால் இறக்கிறார்கள் என்பது அந்த எழுத்துகளில் அரிதாகவே வருகிறது. எண்ணுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் நோயும் இல்லை என்று கொள்ளும் பழக்கத்தின் விளைவு இது.

சிகிச்சையின் ஒரு பாதி இந்தியாவிலிருந்தே கிடைத்தது. பம்பாயில் கர்ப்பிணிகளின் கடும் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறான மார்மைட் அதைக் குணப்படுத்துவதை 1931-இல் வெளியிட்டார். அதில் இருந்த பொருள் பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. 1945-இல் அது செயற்கையாகத் தயாரிக்கப்பட்டதும் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தமும் நாவும் விரைவில் தேறின. குடல் முழுதாகத் தேற, பிற்பாடு டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் தேவைப்பட்டது.

1960: கிராமங்களில்

சி.எம்.சி.யில் வெல்கம் ஆய்வுப் பிரிவை நடத்தியவர் ஆஸ்திரேலியரான செல்வின் பேக்கர். அவருடன் உழைத்தவர்களில் முதன்மையானவர்கள் வி. ஐ. மாத்தனும், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேர்ந்த மின்னி மாத்தனும். கொள்ளைநோய் வந்தபோது இந்தக் குழு நோயாளி வேலூருக்கு வந்துசேரட்டும் என்று காத்திருக்கவில்லை. கிராமங்களுக்குப் போய், வீடு வீடாக யாருக்கு எப்போது தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, யார் இறந்தார்கள் என்று கேட்டுக் குறித்தது. இந்த ஆய்வின் உயிர்நாடி அந்தப் பதிவுகள்தான் என்று சொல்லவேண்டும். ஸ்ப்ரூ தனி மனிதருக்கு வரும் சத்துக்குறைவு நோய் என்றே நம்பப்பட்டிருந்தது. ஊர் ஊராக அது பரவிய விதமும், ஒரே வீட்டில் அடுத்தடுத்துத் தாக்கிய விதமும், குழந்தைகளைவிடப் பெரியவர்களை அதிகம் பிடித்ததும் அதை ஒரு தொற்றின் விளைவாகக் காட்டின. சாதாரண வயிற்றுப்போக்காகத் தொடங்கும். பலருக்கு அது நின்றுவிடும். சிலருக்கு நிற்காது. அவர்களுக்கு உணவிலுள்ள கொழுப்பும் வைட்டமின்களும் உடலில் சேராமல், கைகால் வீங்கி, எழுந்து நடக்கமுடியாத நிலை வரும். இறந்தவர்கள் பல்லாயிரம்.

பேக்கரும் வி. ஐ. மாத்தனும் 1968-இல் இந்தக் கிராமக் கொள்ளைநோய்கள் பற்றிய விரிவான கட்டுரையை வெளியிட்டார்கள். 1970-இல் அமெரிக்கரான கிளிப்ஸ்டைனுடன் சேர்ந்து பேக்கர் வகுத்த இலக்கணம் இன்றும் நிற்கிறது: தொடர்பில்லாத இரண்டு சத்துகளாவது குடலில் உறிஞ்சப்படாமல் போகவேண்டும், அதற்கு வேறு தெரிந்த காரணம் எதுவும் இருக்கக்கூடாது. அதனால் நோயறிதல் நெடிய வேலையாயிற்று. மூன்று நாள் மலத்தைச் சேர்த்துக் கொழுப்பை அளப்பார்கள். சைலோஸ் என்ற சர்க்கரையைக் குடிக்கவைத்து ஐந்து மணி நேரச் சிறுநீரில் எவ்வளவு வெளிவருகிறது என்று பார்ப்பார்கள். கதிரியக்கக் குறியிட்ட பி12 கொடுத்து அதன் உறிஞ்சலைச் சோதிப்பார்கள். இவற்றோடு கிராஸ்பி குப்பியும் சேர்ந்தது. 1957-இல் வந்த இந்தச் சிறு உலோகக் குப்பியை மெல்லிய குழாயின் முனையில் கட்டி விழுங்கச் சொல்வார்கள். எக்ஸ்ரேயில் அது சிறுகுடலை அடைந்தது தெரிந்ததும் ஊசிக்குழலால் காற்றை உறிஞ்சுவார்கள். உள்ளே சுழலும் கத்தி உட்சவ்வில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துக்கொள்ளும். எண்டோஸ்கோப்பி பரவுவதற்கு முன், உயிரோடிருப்பவரின் சிறுகுடலைக் கண்ணால் பார்க்க இருந்த முக்கிய வழி இதுதான்.

நல்ல குடல் எது

துணுக்குகளை நோக்கியவர்களுக்கு எதிர்பாராத சிக்கல் ஒன்று எழுந்தது. ஸ்ப்ரூ நோயாளியின் குடல் சிதைந்திருந்தது, சரி. ஒப்பிடுவதற்காக எடுத்த, நோயே இல்லாத கிராமத்தாரின் குடலும் ஐரோப்பியப் பாடநூல் படத்தைப் போல இல்லை. சத்தை உறிஞ்சும் குடற்பிசிறுகள் அங்கே விரல்போல மெலிந்து நீண்டிருக்கும். இங்கே அவை இலைபோல அகன்றும், வரப்புபோல ஒன்றோடொன்று ஒட்டியும் குட்டையாக இருந்தன. அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சைலோஸ் சோதனையும் குறைவாகவே வந்தது. ஆனாலும் அவர்கள் வயலில் உழைத்துக்கொண்டிருந்தவர்கள்.

இது பிறவியிலேயே அமைந்த இனக்கூறா, சூழல் தந்ததா? 1969-இல் வேலூர்க் குழு பிணக்கூறாய்வுகளின் வழியே விடை தேடியது. பிறந்தவுடனே இறந்த சிசுக்களின் குடற்பிசிறுகள் விரல்போலவே இருந்தன. மாற்றம் குழந்தைப் பருவத்தில்தான் வந்தது. பாகிஸ்தானில் தங்கிய அமெரிக்கத் தொண்டர்களின் குடல் சில மாதங்களில் மாறியதையும் நாடு திரும்பியபின் தேறியதையும் ஏறக்குறைய அதே காலத்தில் வேறொரு குழு காட்டியது. பேக்கரும் மாத்தனும் 1972-இல் ஸ்ப்ரூவையும் இந்தப் பொதுவான மாற்றத்தையும் தனித்தனியே பிரித்து எழுதினார்கள். நீரிலும் மண்ணிலும் கைகளிலும் ஓயாமல் வரும் கிருமிகளோடு மல்லாடியபடி வளரும் குடல் இது. சூழல்சார் குடல்நோய் என்ற பெயரில், குழந்தைகள் குள்ளமாவதன் காரணங்களில் ஒன்றாக உலகெங்கும் இப்போது இது ஆராயப்படுகிறது. இதை ஆராய 2009-இல் எட்டு நாடுகளில் தொடங்கிய மால்-எட் ஆய்வின் இந்திய மையம் வேலூர்தான்.

குடலில் வாழும் கிருமிகளெல்லாம் கெடுதல் செய்பவை அல்ல என்பதையும் இதே ஆய்வகம் கண்டது. ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்: சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி12 வைட்டமினை உண்டாக்குகின்றன. இறைச்சியும் மீனும் அரிதாகவே கிடைக்கும் மக்கள் பலர் பி12 குறைவின்றி வாழ்வதற்கு அது ஒரு விளக்கமாகலாம். இதே மருத்துவமனையில் 1962-இல் மாலதி ஜாதவும் சக மருத்துவர்களும், பி12 குறைந்த தாய்மாரின் பாலை மட்டும் குடித்த குழந்தைகளுக்கு நடுக்கமும் சோகையும் வருவதைப் பதிவுசெய்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். குடல் பாக்டீரியா தருவதை நம்பிக் கர்ப்பிணியின் உணவை விட்டுவிட முடியாது.

ஸ்ப்ரூவை உண்டாக்கிய கிருமி எது என்பது மட்டும் பிடிபடவே இல்லை. மலத்தில் வைரஸ் தேடிய மின்னி மாத்தன் குழு 1975-இல் லான்செட் இதழில், கொரோனா வைரஸைப் போன்ற முள்முடித் துகள்களைப் படத்துடன் வெளியிட்டது. நோய்க்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பு நிலைநாட்டப்படவில்லை. 1980-களுக்குப் பின் ஸ்ப்ரூ இந்தியாவெங்கும் குறைந்துவிட்டது.

காசமா, குரோனா, அரிசியா, கோதுமையா

கிராமத்தில் கற்ற கேள்வியை அடுத்த தலைமுறையினர் வார்டுக்குள் கேட்டார்கள். வெளிநாட்டுப் பாடநூல் சொல்வது இங்குள்ள நோயாளிக்குப் பொருந்துமா?

குடல் காசநோயும், நீடித்த குடல் அழற்சியான குரோன் நோயும் ஒரே இடத்தில், சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில், ஒரே மாதிரி புண்ணாக்கும். வயிற்றுவலி, எடைக்குறைவு, காய்ச்சல் எல்லாம் பொது. குரோன் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால், காசமாக இருந்தால் கிருமி பெருகி உயிருக்கு ஆபத்து. காசம் என்று எண்ணி மாதக்கணக்கில் காசமருந்து கொடுத்தால், குரோனாக இருந்தால் குடல் சுருங்கிக்கொண்டே போகும். அன்னா புலிமூடு, பி. எஸ். ராமகிருஷ்ணா குழு 1999-இல் கட் (Gut) என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, கொலோனோஸ்கோப்பியில் எடுக்கும் துணுக்குகளைக்கொண்டே பெருமளவு பிரித்தறியலாம் என்று காட்டியது. காசத்தில் அழற்சிக் கட்டிகள் பெரியவை, பல, ஒன்றோடொன்று இணைந்தவை. குரோனில் அவை சிறியவை, அரியவை. துணுக்கைப் பல இடங்களில் எடுக்கவேண்டும் என்பதும் அதோடு தெளிவாயிற்று. காசம் மலிந்த நாட்டில் இருந்துகொண்டுதான் இதைச் செய்ய முடிந்தது.

இன்னொன்று கோதுமைப் புரதமான குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோய். ராமகிருஷ்ணாவும் மற்றவர்களும் 23,331 பெரியவர்களைச் சோதித்து 2016-இல் வெளியிட்ட கணக்கில், இந்நோய்க்கான எதிர்ப்புரதம் இரத்தத்தில் இருந்தவர்கள் வட இந்தியாவில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் வேலூர்ப் பகுதியில் 0.10. நோய்க்கு இடம்தரும் மரபணு மூன்று இடங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. கோதுமை உண்ணும் அளவுதான் பெரிதும் வேறு. சர்க்கரை நோய்க்காக இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறும் வீடுகள் பெருகிவரும் தமிழ்நாட்டில் இந்த எண்களை மருத்துவர்கள் மறக்கக்கூடாது.

கரைசல்

வயிற்றுப்போக்குக்குக் குடிக்கக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலின் கதை வங்கத்தில் தொடங்குவது. 1971 வங்கதேசப் போரின் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் அதைக்கொண்டு காலரா மரணங்களைத் தடுத்தார். கரைசல் உயிரைக் காக்கும். ஆனால் போக்கின் அளவையோ நாளையோ அது அவ்வளவாகக் குறைப்பதில்லை. அதனால் குடிக்கவைத்தும் நிற்கவில்லையே என்று தாய்மார் விட்டுவிடுவார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால் என்ன என்று ராமகிருஷ்ணா, அமெரிக்காவின் ஹென்றி பைண்டர், ஆஸ்திரேலியாவின் கிரேம் யங் ஆகியோரோடு சேர்ந்து கேட்டார். அந்த மாவு பெருங்குடலை அடையும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்கும். அந்த அமிலங்கள் உறிஞ்சப்படும்போது உப்பும் நீரும் உடன் போகும். 48 காலரா நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2000-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. லிட்டருக்கு 50 கிராம் இந்த மாவு சேர்ந்த கரைசலைக் குடித்தவர்களுக்குப் போக்கும் குறைந்தது, விரைவிலும் நின்றது. சிறுகுடலை மட்டுமே நம்பியிருந்த கரைசலுக்குப் பெருங்குடலையும் துணையாக்கிய இந்த யோசனை, வேலூர் ஆய்வுகளில் அழகானவற்றுள் ஒன்று.

சொட்டு மருந்து

வாய்வழித் தடுப்புமருந்து இங்கே குறைவாக வேலைசெய்கிறது என்பதை முதலில் உரக்கச் சொன்னவர் சி.எம்.சி.யின் டி. ஜேக்கப் ஜான். வேலூர்க் குழந்தைகளிடம் மூன்று தவணை போலியோ சொட்டு போதிய எதிர்ப்பைத் தரவில்லை என்று 1972-இல் எழுதினார். ரோட்டாவைரஸிலும் அதே கேள்வி திரும்பியது. 1973-இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழு கண்டறிந்த இந்த வைரஸ்தான், இந்தியாவில் வயிற்றுப்போக்குக்காக மருத்துவமனையில் சேரும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தினரின் நோய்க்குக் காரணமாக இருந்தது.

சி.எம்.சி.யின் ககன்தீப் காங் குழு வேலூரின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தது. அவர்களில் 373 பேரின் கணக்கு 2011-இல் வெளியாயிற்று. மெக்சிகோவில் இருமுறை ரோட்டாவைரஸ் தொற்றிய குழந்தைக்குப் பிறகு கடும் நோய் வருவதில்லை என்று 1996-இல் கண்டிருந்தார்கள். வேலூரில் மூன்றுமுறை தொற்றியபின்பும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். தில்லியில் பிறந்த சிசுக்களிடம் கிடைத்த 116ஈ என்ற ரோட்டாவைரஸ் வகையிலிருந்து பாரத் பயோடெக் உருவாக்கிய ரோட்டாவாக் சொட்டுமருந்தின் இறுதிக்கட்டச் சோதனை தில்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. கடும் நோயைப் பாதிக்குச் சற்று மேல் அது தடுத்தது. பணக்கார நாடுகளில் இத்தகைய மருந்துகள் தரும் பலனைவிட இது குறைவு. ஆனால் நோய் இவ்வளவு மிகுந்த நாட்டில் பாதி என்பது பெருந்தொகை. 2016-இல் நான்கு மாநிலங்களிலும் 2017-இல் தமிழ்நாட்டிலும் ரோட்டாவைரஸ் சொட்டு அரசு அட்டவணையில் சேர்ந்தது. குழந்தையின் 6, 10, 14-ஆம் வாரங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. 2025-இல் வெளியான பல மருத்துவமனை ஆய்வில் ரோட்டாவாக்கின் நடைமுறைப் பலன் 54 சதவீதம். காங் 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார். இந்தியாவில் பணியாற்றும் பெண் ஒருவர் அதில் இடம்பெற்றது அதுவே முதல்முறை.

மீதிப் பாதியை எப்படி மீட்பது? போலியோ சொட்டுக்கு முன் குழந்தைகளுக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலூர் மாவட்டத்தில் நடந்து 2016-இல் வெளியான இந்த ஆய்வில் குடலின் கிருமிகளும் அழற்சியும் குறைந்தன, சொட்டின் பலன் கூடவில்லை. குடிநீரையாவது தூய்மையாக்கினால்? வேலூர்க் குழந்தைகள் சிலரின் வீடுகளில் பாதுகாக்கப்பட்ட புட்டிநீரைக் கொடுத்து, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குறைகிறதா என்று பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. குறையவில்லை. தண்ணீரைத் தவிர கை, தரை, பாத்திரம், கால்நடை, உடன்பிறந்த குழந்தை எனக் கிருமிக்கு வழிகள் பல.

தோல் வட்டாரத்தில் இந்த நீர்ச் சிக்கலுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. பதனிடும் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதை அத்தீர்ப்பு குறிக்கிறது. உப்பும் குரோமியமும் செய்யும் கேடு வேறு, மலக்கிருமி செய்யும் கேடு வேறு. ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றைத் தீர்க்காது. மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர், உப்பேறிய கிணற்றுக்கு மாற்றாகிறது. அந்த நீர் குழாயிலிருந்து குடத்துக்கும் குடத்திலிருந்து குழந்தையின் வாய்க்கும் போகும் வழியில் கிருமி சேராமலிருக்க, கழிவுநீர் ஓடையும் கழிப்பறையும் தெருவில் உள்ள எல்லா வீடுகளுக்கும் ஒருசேர அமையவேண்டியிருக்கிறது.