தோலில் சூட்டுக்கோல் ஓவியம்: தொடங்கும் முன் தோலைப் பாருங்கள்

எங்கள் முதல் முயற்சி பத்து நிமிடத்தில் நின்றுபோனது. மாவ்பியில் மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து உட்கார்ந்து, கிழிந்த பழைய கைப்பை ஒன்றைப் பிரித்து, அதன் மேல் சாலிடரிங் கோலால் ஒரு மயிலை வரையத் தொடங்கினோம். கழுத்து முடியும் முன்பே கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. தோல் சுருங்கி மேடும் பள்ளமுமாகிவிட்டது. கோலில்தான் குறை என்று முதலில் நினைத்தோம். குறை தோலில் இருந்தது பிறகுதான் புரிந்தது. இந்தக் கலையில் இறங்க நினைக்கும் நம்மவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியதும் அதுதான்.

பைரோகிராஃபி என்பது கிரேக்கச் சொற்களில் பிறந்த பெயர். தீயால் எழுதுவது என்று பொருள். சூடான முனையால் மரம், தோல், சுரைக்குடுக்கை போன்றவற்றின் மேற்பரப்பைக் கருக்கிக் கோடு இழுப்பது. மாட்டுக்குச் சூடு போடும் சூட்டுக்கோலை அறிந்த நமக்கு இது புதிய சங்கதி அல்ல. கோல் மட்டும் இப்போது பேனா அளவுக்கு மெலிந்திருக்கிறது.

மரம் எந்த மரமானாலும் ஓரளவு ஒத்துழைக்கும். தோல் அப்படியல்ல. பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் பதனிட வேண்டும். அதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, மரப்பட்டை, காய் ஆகியவற்றின் துவர்ப்பில் வாரக்கணக்கில் ஊறவைப்பது. மற்றொன்று குரோமிய உப்பில் பதனிடுவது. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்ற பின், வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது. இன்று கடையில் கிடைக்கும் மெல்லிய கைப்பை, மேல்சட்டை, காலணி மேல்தோல் ஆகியவற்றில் பெரும்பகுதி குரோமியத் தோல்தான். அணிந்துகொள்வதற்கு அது நல்ல தோல். ஆனால் சூட்டுக்கோலை வைக்கக் கூடாது. தோலில் இருக்கும் மூன்று இணைதிறன் குரோமியம், கருக்கும் சூட்டில் ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாறக்கூடும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ரெக்சின் என்று நாம் சொல்லும் பிவிசி போலித்தோல் இன்னும் மோசம். சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்.

ஆக, வேண்டியது பட்டையில் பதனிட்ட தோல். அதைத் தேடிப் போனால் நம் பூர்விக ஊர்களிலேயே போய் நிற்கிறோம். ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயால் மெருகேற்றிய ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போயின. அந்த வகைக்கு 'கிழக்கிந்தியத் தோல்' என்றே பெயர். இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. திண்டுக்கல், திருச்சி பக்கத்துப் பதனிடும் கூடங்கள் இதற்குப் பேர்போனவை. பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தைத் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை பிடித்தது. பாலாற்றங்கரை ஊர்களில் குரோமியமும் வந்தது. அந்த ஆறு கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பு வந்தது நினைவிருக்கலாம். தோலைத் தொட்டு வேலை செய்தவர்களை ஒதுக்கி வைத்த சமூகம்தான் நம்முடையது. இன்று அதே தோலை மேசையில் விரித்துக் கலை என்கிறோம். அந்தக் கைகளுக்கு நாம் கடன்பட்டிருப்பதையும் மறக்க வேண்டாம்.

தோலைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பட்டைத் தோல் பெரும்பாலும் உள்ளே வரை பழுப்பாக இருக்கும். குரோமியத் தோலின் நடுவில் வெளிறிய நீலமோ சாம்பலோ தெரியும். சாயம் ஏற்றாத பட்டைத் தோலில் ஒரு சொட்டு நீர் விட்டால் உறிஞ்சிக் கறுக்கும். சாயம் முழுக்க ஊறிய தோலில் இந்தச் சோதனைகள் ஏமாற்றும். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். கொளுத்திப் பார்த்துச் சாம்பலை ஆராயும் வழக்கமும் உண்டு. எந்தப் புகைக்கு அஞ்சுகிறோமோ அதையே மூக்கில் இழுக்கும் வேலை அது.

கோல் வெப்பத்தைக் குறைக்க வசதி உள்ளதாக இருக்கட்டும். ஈயம் ஒட்டிய பழைய சாலிடரிங் முனை கூடவே கூடாது. மரத்துக்கு வைக்கும் சூட்டைவிடக் குறைவாகத் தொடங்கி, அதே தோலின் துண்டு ஒன்றில் முதலில் இழுத்துப் பாருங்கள். தோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத் தோலில் சூடு பட்டால் சுருங்கி விறைத்துவிடும். படத்தைப் பதிக்க லேசாக நனைத்தாலும், உலரும் வரை பொறுத்துவிட்டுத்தான் கோலைத் தொட வேண்டும். நம் மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்க ஆகலாம்.

நல்ல தோலிலும் மயிர் கருகும் வாடை வரத்தான் செய்யும். தோல் புரதம் அல்லவா. சன்னலோரம் உட்கார்ந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். சாதாரண துணி முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. முடித்த பின் தேன்மெழுகு சிறிது தேய்த்தால் போதும்.

மயிலை விட்டுவிட்டு இரண்டாம் முறை சாவிக்கொத்துக்கான சிறு துண்டில் ஐந்து புள்ளிச் சிக்குக் கோலம் போட்டோம். கோடுகள் பழுப்பில் சீராக ஓடின. வளைவு திரும்பும் இடங்களில் கை தயங்கி நின்றதால் அங்கெல்லாம் கறுப்பாகப் பொட்டு விழுந்திருக்கிறது. புள்ளிகளோடு சேர்ந்து அதுவும் கோலம் போலத்தான் தெரிகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.